மாடிக் குடித்தனமும் நலச்சங்கமும்

நான் பீளமேட்டில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் எங்கள் தெருவை நடத்தியது குடியிருப்போர் நலச்சங்கம். அதன்மீது பழி மட்டும் சொல்வது நியாயமாகாது. சங்கம் வருவதற்கு முன் தெருவில் விளக்கில்லை. மாலையில் பேருந்திலிருந்து இறங்கினால் மில் சுவரை ஒட்டி ஓட்டமும் நடையுமாக வீடு சேர்வேன். அம்மா பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குக் குடமெடுத்துப் போவார். சங்கம் விளக்குப் போட வைத்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டித் தொட்டி கட்டியது. வீட்டுக்கொரு வால்வு வைத்து, முறைப்படி திறந்துவிட்டது. திறக்கத் தெரிந்தவர்களுக்கு மூடவும் தெரியும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

நகரத்தில் கலவரம் அடங்கிய சில மாதங்களில் எங்கள் மாடிக்கு ஒரு முஸ்லிம் குடும்பம் குடிவந்தது. கணவருக்குப் பழைய கடைவீதியில் துணிக்கடை. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்தார். முன்பு இருந்த தெருவில் பயத்தில் உறக்கமே இல்லை என்றுதான் இங்கே வந்திருந்தார்கள்.

அடுத்த சங்கக் கூட்டம் செயலாளர் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. பெண்கள் ஒரு பக்கமாக அமர்ந்திருந்தார்கள். நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். செயலாளர் ஓய்வுபெற்ற பொறியாளர். குரல் உயர்த்திப் பேசியே அறியாதவர்.

“யாரையும் தப்பா சொல்லலீங்க. காலம் செரியில்லீங்க. போலீசு, விசாரணைன்னு தெருவுக்குள்ள வந்தா எல்லாருக்கும் சங்கடமுங்க. அடுத்த மாசத்துக்குள்ள மாடியைக் காலி பண்ணச் சொல்லீட்டா நல்லதுங்க. செரிங்களா?” என்று அப்பாவைப் பார்த்தார்.

“செரிங்க” என்றார் அப்பா.

“ஏனுங்க, அதுக்குள்ள என்ற ஜாக்கெட்டைத் தெச்சுக் குடுத்தறச் சொல்லுங்க!” என்றார் மாடியில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த எதிர்வீட்டு அம்மா. கூட்டம் சிரித்தது. நான் அடுத்தவருக்குக் காப்பியை நீட்டினேன்.

எங்கள் பக்கத்தில் சபையில் ஒருவரை முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையில்லை. சரி என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்துவிடுவார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு மறுபடி கேட்கமாட்டார். அந்த வழக்கத்தை நம்பித்தான் அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். செயலாளர் புரிந்துகொள்ள விரும்பவில்லை. மறுவாரமே, சாமான் ஏற்ற வண்டி எப்போது வரும் என்று சங்கத்தின் காவல்காரரை விட்டு மாடியில் கேட்கச் செய்தார்.

மாடியிலிருந்து அந்த அக்கா இறங்கி வந்து எங்கள் சமையலறை வாசலில் நின்றார். கையில் நூல் கோத்த ஊசி அப்படியே இருந்தது.

“அக்கா, நாங்க போறோமாமே? எங்களுக்கே தெரியலையே” என்றார் அம்மாவிடம்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். “ஏனுங்க, கேக்கறாங்கல்ல?”

“வால்வைச் சாத்திப்போட்டா என்ன பண்ணுவே அம்மணி?” அப்பாவின் குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

“கெணத்துக்குப் போனவதானுங்க நானு. மறுபடி போயிக்கறேன்.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். அம்மா என்னையும் உடன் அனுப்பினார். செயலாளர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கே அப்பாவுக்கு வெகுநேரம் ஆயிற்று.

“அன்னிக்குச் செரீன்னு சொல்லிப்போட்டேனுங்க. என்னால முடியாதுங்க. அவங்க இருக்கட்டுங்க.”

“அப்படீங்களா?” செயலாளர் புன்னகைத்தார். “ஆகட்டுங்க. உக்காருங்க, காப்பி சாப்புடுங்க. பாப்பா என்ன படிக்குதுங்க?”

அவர் கோபித்திருந்தால் எதற்கு அஞ்சவேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

அடுத்த தண்ணீர் முறையன்று காலை, பக்கத்து வீட்டுத் தொட்டியில் நீர் விழும் ஓசை கேட்டது. எதிர்வீட்டிலும் கேட்டது. எங்கள் குழாய் வெறுமையாக இருந்தது. மாடி அக்கா குடத்துடன் இறங்கி வந்து அம்மாவின் அருகில் நின்றார். வெகுநேரம் கழித்துக் குழாய் இருமியது, காற்று வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அண்டா, வாளி, சொம்பு என்று அகப்பட்ட பாத்திரத்தையெல்லாம் நிரப்பினோம்.

தாமதம் தற்செயலா, எச்சரிக்கையா என்று எவரும் சொல்லவில்லை. அவர்கள் எங்கள் மாடியிலேயே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வரும்வரை நாங்கள் எல்லோரும் குழாயடியில் வந்து நின்றோம்.