பன்னிரண்டாம் வளைவு கிளியர்

நம் வீட்டில் மட்டும் குளியலறை காலியானால் ஏன் "கிளியர்" என்று கத்துகிறோம் என்று சின்னவள் போன வாரம் கேட்டாள். பள்ளியில் தோழிகள் சிரித்தார்களாம். குற்றம் என்னுடையதுதான், பிள்ளைகளே.

நான் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். மலையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்கு இறங்கும் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு லோரிதான் போக முடியும். கைப்பேசிக்கு அங்கே லைன் கிடைக்காது. அதனால் ஓட்டுநர்களிடமும் கங்காணிகளிடமும் வாக்கிடாக்கி இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண். தாண்டியதும் "ஏழு கிளியர்" என்று சொல்ல வேண்டும். கேட்டவன் "ரோஜர்" என்பான். காத்திருக்கச் சொல்ல "ஸ்டேன்பை". நாள் முழுக்க இதையே பேசிய வாய் வீட்டுக்கு வந்ததும் மாறிவிடுமா? சோறு ஸ்டேன்பையா என்று கேட்பேன். கணக்குப் பாடம் கிளியரா என்பேன். நீங்கள் இரண்டு பேரும் சீக்கிரமே பிடித்துக்கொண்டீர்கள். அம்மாவுக்குத்தான் ஆகாது.

"நான் என்ன உங்க லோரியா? பொண்டாட்டிகிட்ட பேசற மாதிரி பேசுங்க லா," என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், மத்தியானம் சாப்பிட வரும்போது கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு அவள் மேல்மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். நான் சாப்பிட்டேன், துணியை மறந்தேன். மூன்று மணிக்கு ஊற்றிய மழையில், மேலே இருந்தவர்களை ஏற்றிவரப் போனேன். ஒன்பதாம் வளைவில் என் கண் எதிரே மண் சரிந்து பாதையை மூடியது. லோரிக்கும் அதற்கும் இடையில் பத்தடிகூட இல்லை. அந்த மண் எங்கிருந்து வந்ததோ, அந்தப் பக்கம்தான் உங்கள் அம்மாவும் இன்னும் பத்துப் பேரும் இருந்தார்கள்.

கங்காணியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ஆபீசிலிருந்து எங்கள் தோட்டத்துத் துரை மலாயில் என்ன நிலைமை என்று கேட்டார். "ஸ்டேன்பை" என்றேன். சோற்றுக்கும் குழம்புக்கும் சொல்லித் திரிந்த அதே சொல்தான். மண்ணில் ஏறிப் பார்த்தேன், முழங்கால் வரை புதைந்தது. பள்ளி விட்டு வந்து நீங்கள் கதவைத் தட்டும்போது உங்களிடம் என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே லோரிக்குத் திரும்பினேன்.

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. வாக்கிடாக்கி கரகரத்தது.

"ஹலோ. பன்னெண்டு கிளியர்."

உங்கள் அம்மாவின் குரல். அதுவரை அவள் அந்தக் கருவியைத் தொட்டதே இல்லை.

"பதினோரு பேரும் கிளியர். கங்காணிக்குக் கால் பிசகிடுச்சு, ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சிருக்காங்க. மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னோம், இது கேக்கவே இல்ல. இப்பதான் நடந்து வந்தோம். கேக்குதாங்க?"

கேட்டது. ஆனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பேசி முடித்ததும் பொத்தானை விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அழுத்திக்கொண்டே இருந்தாள், அவள் விடும்வரை வேறு யாரும் பேச முடியாது. எல்லா லோரியிலும், ஆபீசிலும் அவள் குரல்தான்.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க? மழ வருதுன்னு தெரிஞ்சும் துணிய எடுத்திருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவழியாக அவள் பொத்தானை விட்டதும், கீழே காத்திருந்த லோரிக்காரத் தம்பி எனக்கு முன்னால் புகுந்துவிட்டான்.

"அண்ணே, துணி கிளியரா?"

"இல்ல தம்பி," என்றேன். துரை மட்டும் ரோஜர் என்றார்.

மண்ணைத் தள்ளி, அவர்களை இறக்கிக் கொண்டுவர மாலை ஆகிவிட்டது. கொடியில் உங்கள் பள்ளிச் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. உங்கள் அம்மா வாசலில் நின்று பார்க்க, நான் ஒவ்வொன்றாகப் பிழிந்தேன். அன்று அவள் திட்டியது முழுவதையும் நின்று கேட்டேன்.