கழிச்சாச்சா என்று கேட்டேன்

இந்த ஊரில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருக்கு வேண்டியவர்களுக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்கிறார்கள். நெதர்லாந்துக்கு வந்த இரண்டாவது மாதம் அது எனக்குத் தெரியாது. காலையில் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்குள் நுழைந்ததும் அலுவலகப் பெண்மணி என் கையைப் பிடித்துக் குலுக்கி, ‘கெஃபெலிசிடேர்ட்’ என்றார். வாழ்த்துகள் என்று பொருள். எனக்கு இன்று பிறந்தநாள் இல்லையே என்றேன். “தெரியும், வித்யாவுக்கு. நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர்தானே?” என்றார். அன்று மத்தியானத்துக்குள் ஆறு பேர் எனக்குக் கை கொடுத்துவிட்டார்கள். அவள் பிறந்ததற்கு நான் எதற்குப் பல்லைக் காட்ட வேண்டும் என்று வயிறு எரிந்தது.

ஒரே ஊராம். நான் இடுக்கியில் ஏலப்பாறை. தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தாள். என்னைப் போலவே ஆராய்ச்சிக்கு வந்த வித்யா பாலக்காட்டில் கல்பாத்தி. அப்பா வங்கி அதிகாரி. ஒரு முனையிலிருந்து மற்றதற்குப் பஸ்ஸில் போனால் ஒரு பகல் போய்விடும். அவளுடைய முன்னோர்கள் பல நூற்றாண்டுக்கு முன்பு வந்தவர்கள் என்பதால் அவளை யாரும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை. எங்களைத் தேயிலைக்குக் கூட்டிவந்து மூன்று தலைமுறை ஆகியும் ஏலப்பாறைக் கடைவீதியில் மலையாளிகள் தமிழரை இளக்காரமாகச் சொல்லும் ‘பாண்டி’ என்றுதான் சொல்வார்கள். திருநெல்வேலியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் மலையாளத்துப் பிள்ளை வந்திருக்கிறது என்பார்கள். “நாங்க பாலக்காட்டுக்காராளாக்கும்” என்று வித்யா மூச்சுவிடுவதுபோலச் சொல்லும்போது எனக்குக் காதில் புகை வரும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் மூளையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு கணக்கைக் கணினி எவ்வளவு குறைந்த படிகளில் முடிக்கலாம் என்று வழி கண்டுபிடிப்பதும், அந்த வழி தவறாது என்று தாளில் நிறுவுவதும்தான் எங்கள் ஆராய்ச்சி. அல்காரிதம் என்று அம்மாவிடம் விளக்கியபோது, “கம்ப்யூட்டரத் தொடாமலே கம்ப்யூட்டர் படிப்பா?” என்றாள். நான் மூன்று மாதம் முட்டிமோதி ஒரு படியைக் குறைப்பேன். வித்யா டிராமில் வரும் இருபது நிமிடத்தில் ஏதோ முணுமுணுத்தபடி இரண்டு படிகளைக் குறைத்திருப்பாள். எங்கள் பேராசிரியர் ஹென்க் அவள் தாளைப் பார்த்து ‘அழகு’ என்பார். என் தாளைப் பார்த்து ‘தவறில்லை’ என்பார்.

ஆனாலும் மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் எனக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. இந்த ஊர்க்காரர்கள் குளிர்ந்த ரொட்டியில் சீஸ் வைத்துப் பாலோடு விழுங்கும் நேரத்தில், அவள் தயிர்சாத டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து “கழிச்சாச்சோ?” என்பாள். சாப்பிட்டாயிற்றா என்பதற்கு மலையாளத்தார் சொல்வது. அவள் வீட்டுத் தமிழிலும் சாப்பாட்டுக்கு அந்தச் சொல் இல்லை, என் வீட்டிலும் இல்லை. கேரளத்தில் இருவரும் கேட்டுப் பழகியதால் இங்கே விளையாட்டாகத் தொற்றிக்கொண்டது. எங்களுக்கென்று இருந்த ஒரே பொதுச் சொல் அதுதான்.

சென்ற வசந்தத்தில் வித்யா ஒரு பெரிய முடிவை எட்டினாள். புள்ளிகளும் கோடுகளுமாய்ப் பரந்த ஒரு வலையில், அவள் வழிமுறை ஒவ்வொரு சுற்றிலும் பாதிப் புள்ளிகளையாவது ஒதுக்கிவிடும். அதனால் இதுவரை இருந்ததைவிட வேகம். அதை மாநாட்டுக்கு அனுப்பக் கடைசி நாள் வந்தது; மாலை ஐந்து மணி கெடு. அதற்கு முன் நான் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றார் ஹென்க். பதினோரு மணிக்கு இரண்டாம் பக்கத்தில் என் கண் நின்றது. வலையை இரண்டாகப் பிரித்து ஒதுக்கும் புள்ளிகளை எண்ணியதில், இரு பக்கமும் தொட்டு நின்ற புள்ளிகளை அவள் இரண்டு தடவை எண்ணியிருந்தாள். அவற்றைக் கழித்தால் பாதி வராது. பாதி வராவிட்டால் அவள் சொன்ன வேகமும் இல்லை.

எனக்கு அது கண்ணில் பட்டதற்கு என் அறிவு காரணமல்ல. எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் குறைப்பார்கள். அம்மா வீட்டுக்குள் வந்ததும் முதல் பேச்சு, “இன்னைக்கு எவ்வளவு கழிச்சான் தெரியுமாட்டி?” என்பதுதான். கூட்டுத்தொகை எதைப் பார்த்தாலும் கழிக்க வேண்டியது எங்கே என்று தேடுகிற புத்தி எனக்கு அப்படி வந்தது. கல்பாத்தியில் யாருக்கும் அந்தப் புத்தி தேவைப்பட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதக் கூசுகிறது, ஆனால் சந்தோஷம்தான்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு அறையில் அவள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, “வித்யா, கழிச்சாச்சா?” என்றேன்.

“இதோ கழிக்கறேன். நீ கழிச்சாச்சோ?”

“நான் கழிச்சுப் பார்த்தேன்.”

“கொள்ளாம், நன்னாருக்கு. அப்போ எனக்குத் துணைக்கு இரு” என்று சிரித்தபடி சோற்றைப் பிசைந்தாள். ஐந்து மணிக்குத் தாள் போய்விட்டது. கேட்டேன் அல்லவா, அவளுக்குப் புரியாவிட்டால் நானா பொறுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சொல்லை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழிந்து எங்கள் குழுவின் முன் அவள் அதை விளக்கினாள். முதலாண்டு மாணவர் ஒருவர், இந்தப் புள்ளிகள் இரண்டு முறை வருகின்றனவே என்று கேட்டார். வித்யா பலகையில் அந்தப் புள்ளிகளைச் சாக்பீஸால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்; பாதி வரவில்லை. ஹென்க் என் பக்கம் திரும்பி, “நீ வாசிக்கவில்லையா?” என்றார். “கழித்தாயிற்றா என்று அவளிடம் கேட்டேன்” என்றேன், கணக்கில் கழிப்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டு. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். பிறகு ஆங்கிலத்தில், “ஆமாம், கேட்டாள். எனக்குத்தான் சரியாகப் புரியவில்லை” என்றாள். அன்றே தாளைத் திரும்பப் பெற்றார்கள்.

வெளியே நடைவழியில் என்னை நிறுத்தினாள்.

“நீ அன்னிக்குச் சாப்பாட்டைக் கேக்கலை, இல்லையோ?”

“இல்ல.”

“எனக்குப் புரியாதுன்னு நோக்குத் தெரிஞ்சிருந்தது.”

“தெரிஞ்சிருந்துச்சு.”

“தமிழ்ல பேச இங்க ஒருத்தி இருக்காளேன்னு அம்மாகிட்ட பெருமையா பறஞ்சிண்டிருந்தேன், கேட்டியா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாளிலிருந்து என்னிடம் ஆங்கிலம்தான். மரியாதையில் குறையில்லை. குட் மார்னிங் உண்டு, வார இறுதி எப்படி என்ற விசாரிப்பு உண்டு. தூர தேசத்தில் ஒரே ஒரு தமிழ்க்குரலை நம்பி இருந்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவள் இரண்டு மாதத்தில் பிழையைச் சரிசெய்து, வேகம் சற்றுக் குறைந்த வேறொரு வழியை நிறுவிவிட்டாள். அதற்கு எனக்குப் பொறாமை வரவில்லை. இப்போது பொறாமை அவள் அம்மாமேல்.

எனக்கும் வித்யாவுக்கும் துறையில் ஒரே அறை. அந்த அம்மா தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுவார். முன்பெல்லாம் வித்யா ஃபோனை என்னிடமும் நீட்டுவாள். இப்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசுகிறாள். “இங்க ஒரே மழையாக்கும்… மொளகூட்டல் பண்ணினேன்…” நான் திரையைப் பார்த்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். நேற்று அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பற்றி விசாரித்திருக்க வேண்டும். “செல்வியா? இருக்கா. நன்னாத்தான் இருக்கா” என்றாள். அவள் வீட்டில் இன்னும் எதையும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, கதவைக் கொஞ்சம் சாத்த முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எழுந்து போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். உள்ளே நின்று சாத்துவதா, வெளியே போய்ச் சாத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.