என் காது சொன்ன பொய்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம். எண்ணூர் பக்கம் ஒரு யார்டில் கிரேனுக்குக் கீழே நின்று சரக்கு ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார், வெளியூர்க்காரர். எங்கள் மெட்ராஸ் பாஷையில் நாங்கள் வாயைத் திறந்தாலே அவருக்கு முகம் சுளித்துவிடும். "மனுஷங்க பேசுற மாதிரி பேசுங்கப்பா" என்பார். கோபம் பொத்துக்கொண்டு வரும் எனக்கு. ஆத்திரம் தீர, தினமும் வீட்டில் அவரைப் போலவே பேசிக் காட்டுவேன். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு மத்தியானம் இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்ற நண்பன் காலை எடுப்பதற்குள் யாரோ "ஆரியா" என்று கூவ, கட்டு இறங்கிவிட்டது. கிரேன்காரருக்கு 'இறக்கு' என்று சொல்ல எங்கள் ஆட்களிடம் காலகாலமாக உள்ள வார்த்தை அது. நண்பனுக்குக் காலில் இரண்டு விரல்கள் போயின.

கூவியது யார்? சூப்பர்வைசர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சாயந்திரம் டீக்கடையில் எல்லோரும் ஒரே பேச்சு, அந்த ஆள்தான் என்று. நானும்தான் சொன்னேன். பொய் சொல்லவில்லை, அவர் குரல் நிஜமாகவே என் காதில் கேட்டது. சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

திங்கட்கிழமை விசாரணை. பக்கத்தில் நின்றவன் என்பதால் என் சாட்சிதான் முக்கியம். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை காலி. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே மனைவியிடம் அதை ஒப்பித்துப் பார்த்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடியபடி சொன்னாள்.

"இன்னாய்யா, தெனம் வூட்ல அந்தாள் மாரி பேசிக் காட்டிகினு கீறே. கட்ட எறக்கச் சொல்ல 'லோயர், லோயர்'னுதானே சொல்லுவே? ஆரியான்னு அவரு வாய்ல எப்போ வந்துச்சு?"

"நீ அங்க நின்னியா?" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினேன்.

விம்கோ நகரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும்போது, அவர் வாயால் அந்த வார்த்தையை வரவழைக்க மனதுக்குள் என்னென்னவோ செய்து பார்த்தேன். வரவேயில்லை. வந்தது வேறு குரல். பதினைந்து வருடமாக என்னோடு வேலை செய்கிற இன்னொரு தோஸ்துடைய குரல். டீக்கடையில் அவன் ஒருவன் மட்டும் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விசாரணையில் எழுந்து சொன்னேன். "அவரு கூவல சார். அவருக்கு அந்த வார்த்தையே வராது."

பின் யார் என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"நான்தான் சார் கூவுனேன். கால எட்த்துட்டான்னு நெனச்சிட்டேன்" என்றான் தோஸ்து.

அவனைச் சில நாள் வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். யார்டில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. அவன் மட்டும் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே என் தோளில் கை போட்டு, "நீ மட்டும் அந்தாள் பேரச் சொல்லியிருந்தா, ஆயுசுக்கும் எனக்கு சோறு எறங்கியிருக்காது மாமு" என்றான்.

சூப்பர்வைசர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. எனக்கும் அவரை இன்றுவரை பிடிக்காது. எங்கள் பேச்சைக் கேவலமாகப் பார்க்கிறவர் மேல் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபம் அவர் செய்யாததையும் அவர் தலையில் கட்டப் பார்த்தது. நானும் அதை நியாயம் என்றே நம்பியிருந்தேன். பத்தாவது தாண்டாத என் மனைவி ஒரே கேள்வியில் அதைப் பிடித்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் சொல்லிக்கொள்கிற ஒரே சாட்சி, எனக்குப் பிடிக்காத ஒரு மனிதருக்காக, அவருக்குப் பிடிக்காத எங்கள் பாஷையில் நான் சொன்ன அந்த ஒன்றுதான்.