கல் வைத்த சிவப்புத் துண்டு

என் நாய் காணாமல் போன இரண்டாம் நாள், அதைக் கடைசியாகக் கண்ட குருவிகுளம் சாலைக்கே மறுபடி போனேன். பக்கத்து வயலில் ஒருவர் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார். ஒல்லியான ஆள், தலையில் சிவப்புத் துண்டு. நாயைப் பற்றிச் சொன்னேன். பேசும்போதும் அவர் கண் ஆடுகள் மேலேயே இருந்தது.

"பைக்குல சுத்தி என்னத்துக்கு? ஒம்ம சட்டையை இங்கன போட்டுட்டு வீட்டுக்குப் போவும். வந்துரும்."

இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கி வந்த சட்டை வண்டியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்தார்.

"சோப்பு வாசம்லா அடிக்கி. போட்டிருக்கதைக் கழத்தும் வே."

கழற்றிக்கொண்டே கேட்டேன்: "உங்க நாய் தொலைஞ்சா?"

"நாயி எங்க தொலையுது? நாமதான் கிடையை மாத்திட்டுப் போயிருதோம்."

மறுநாள் காலை, சாலையோரம் போட்டுவிட்டு வந்த அந்த அழுக்குச் சட்டைமேல் என் நாய் படுத்திருந்தது. அவரிடம் சொல்லலாம் என்று அதையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன். கிடை வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. ஆட்டுப்புழுக்கை பரவிய தரையில் அந்தச் சிவப்புத் துண்டு மட்டும் கிடந்தது. காற்றில் பறக்காதபடி அதன்மேல் ஒரு கல்.

அவருடைய நாய் ஒன்று இன்னும் வந்து சேரவில்லை.

நான் துண்டைத் தொடவில்லை. என் நாயையும் அதன் அருகே விடவில்லை.