ஸ்டெல்லா அக்காவும் அவருடைய நடிகரும்

தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க இன்று திருவாரூரில் ஸ்டெல்லா அக்காவின் தையல் கடைக்குப் போயிருந்தேன். சுவரில் பல வருஷமாகத் தொங்கிய அந்தக் காமெடி நடிகரின் படத்தைக் காணோம்.

மனைவியை அடித்ததாக அவரே ஒப்புக்கொண்டதைத்தான் எல்லோரும் பார்த்தோமே.

"நல்ல வேலை செஞ்சீங்கக்கா" என்றேன்.

அக்கா ரவிக்கையை எடுக்க பீரோவைத் திறந்தார். கதவின் உட்புறத்தில் அதே படம் ஒட்டியிருந்தது.

நான் பார்த்ததை அக்காவும் பார்த்துவிட்டார்.

"கடைக்கு வர்ற பொம்பளைங்க முன்னாடி மாட்டி வெக்கக் கூசுதும்மா. நான் அந்தப் பொண்ணு பக்கம்தான். ஆனா எங்க வீட்டுக்காரரு துபாய் போயி எட்டு மாசம் ஒரு போன்கூட பண்ணல. அப்ப பாப்பா சாப்பிடவே மாட்டா, அழுதுகிட்டே இருப்பா. இவரு காமெடியப் போட்டேன். திடீர்னு சிரிச்சா. அவளப் பார்த்து நானும் சிரிச்சிட்டேன். அவர எப்படிம்மா கிழிச்சுப் போடறது?"

ரவிக்கையை வாங்கித் தோளோடு வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் கோபமாக அவரை அன்ஃபாலோ செய்தவள் நான். திரும்பும்போது பஸ்ஸில் அவருடைய காமெடி ஒன்றைத் தேடிப் பார்த்துச் சிரித்தும் தொலைத்தேன்.

என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். நீங்கள் அவரை முழுசாக விட்டாயிற்றா என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.