கல்யாணத்துக்கு முதல் நாள் போட்ட ரோடு

எங்கள் தெருவுக்கு சிமெண்ட் ரோடு சாங்ஷன் ஆகிவிட்டது என்று நகராட்சி ஆபீசில் கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் போனது தண்ணீர் வரி கட்ட. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ரசீதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே ஓடிவந்து, ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டேன். "எல்லாரும் கேட்டுக்கோங்க, நம்ம தெருவுக்கு ரோடு வருது. தார் இல்ல, சிமெண்ட்." என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

அந்தக் குரூப்புக்கு அட்மின் நான்தான். ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். மாவு வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு செய்தி கொண்டுவருவார்கள். நாளைக்குத் தண்ணீர் வராது, ரேஷன் கார்டு முகாம் எங்கே, நாய்க்கு ஊசி போட எப்போது வருகிறார்கள், எல்லாம் என் வழியாகத்தான் தெருவுக்குப் போகும். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடிய பிறகு ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். நகராட்சி ஆபீசை பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர் அப்பா சொன்ன மாதிரி இன்னமும் மேரி என்றுதான் சொல்வார். "மேரிக்கு உன்னையே மேயரா போட்டுடலாம்" என்று கிண்டல் வேறு. போட்டால் நன்றாகத்தான் இருக்கும் என்று நானும் சொல்வேன்.

நான் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்துவதற்குள் பக்கத்து வீட்டுத் தையல்கார பாய் வாசலில் நின்றிருந்தார். கழுத்தில் டேப்பு தொங்கியது. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"தங்கச்சி, நெசமாவா?"

"நெசந்தான் பாய். என் காதால கேட்டேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவருடைய மூத்த பெண்ணின் கல்யாணம் மழைக்காலத்தில் நடந்தது. தெரு முழுக்கக் கணுக்கால் அளவு சேறு. கல்யாணக் கார் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, புதுச் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார். கூட வந்த மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு எடுக்க வந்தமா, நாத்து நட வந்தமா?" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எந்த முகாம் நடந்தாலும் ரோடு வேண்டுமென்று மனு கொடுக்க முதல் ஆளாகப் போய் நிற்பார். இப்போது சின்னப் பெண்ணுக்கு நிக்காஹ் முடிவாகியிருந்தது. அவருக்கு ஒரே ஒரு ஆசை. கார் தன் வாசலில் வந்து நிற்க வேண்டும், தன் வாசற்படியிலிருந்து பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

விடுவேனா? அவரைக் கூட்டிக்கொண்டு ஜூனியர் இஞ்சினியரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயசு, மரியாதையான பையன். கல்யாணத் தேதியைச் சொல்லி, "அதுக்கு முன்னாடி போட்டுக் குடுத்துடுங்க சார்" என்றேன். அதோடு விடவில்லை. வாரா வாரம் போன் பண்ணினேன். "கல்யாணத்துக்கு முன்னாடிதானம்மா, கண்டிப்பா போட்டுடலாம்" என்று அவரும் அலுக்காமல் சொன்னார்.

சொன்னபடி செய்தார். நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலையில் கான்கிரீட் லாரி தெரு முனையில் வந்து நின்றது.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள், பல் துலக்குகிற பிரஷோடு ஆண்கள், ஆளாளுக்கு வீடியோ எடுக்கிறார்கள். நான் தேங்காயில் சூடம் ஏற்றி லாரிக்குச் சுற்றினேன். டிரைவருக்கு ஒரே வெட்கம். பாய் எல்லோருக்கும் டீ சொல்லியிருந்தார். அப்போதுதான் மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"நாளைக்கு ஒருத்தரும் இதுல கால் வைக்கக் கூடாதும்மா. பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும். வண்டி ஏற மூணு வாரம் ஆவும்."

தேங்காய் கையிலேயே இருந்தது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தார் ரோடு. காலையில் போட்டால் சாயங்காலம் பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடும். சிமெண்ட் காய வேண்டும் என்று இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் என்று கேட்டோம், கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிட்டது. யாரைத் திட்டுவது? திட்ட ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு மூச்சே முட்டும்.

பாய் வீட்டு வாசலில் பந்தல் கால்கள் வந்து இறங்கிக் கிடந்தன. லாரியைத் திருப்பி அனுப்பலாமா என்று மேஸ்திரியைக் கேட்டேன். "இன்னிக்கு வுட்டா லாரி வேற ஏரியாவுக்குப் போயிடும். அப்புறம் மழை புடிச்சிக்கும். எப்ப வரும்னு நான் சொல்ல முடியாது" என்றார். எல்லோரும் பாயைத்தான் பார்த்தார்கள். அவர் தன் வாசலைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்.

"போடச் சொல்லு தங்கச்சி" என்றார். "தெருவுக்கு வந்தத என் ஒருத்தனுக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அடுத்த நிமிஷம் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். பாய் வீட்டுக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது? ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம்? மதாம் வீடு. அந்த வீட்டு வாசல் அடுத்த தெருவில்.

மதாம் என்றால், பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவரின் மனைவி. அவர் இறந்த பிறகு அங்கிருந்து வரும் பென்ஷனில் தனியாக இருக்கிறார். யாரோடும் அதிகம் பேச மாட்டார். என் கிரைண்டர் சத்தம் தாங்கவில்லை என்று ஒரு தடவை ஆள் அனுப்பியவர். நான் சுற்றிக்கொண்டு ஓடினபோது குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க மொத்தத்தையும் கொட்டினேன்.

"மதில இடிச்சா யாரு திருப்பிக் கட்டுவா?" என்றார்.

"என் வீட்டுக்காரரு கட்டுவாரு மதாம்." அவரை நான் கேட்கவே இல்லை.

"எந்தப் பாய்? எனக்கு ரவிக்கை தைக்கிறாரே, அவரா?"

"அவரேதான்."

மதாம் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அப்ப ஒரு கண்டிஷன். மாப்பிள்ளை என் ஹால்ல உக்காந்து காப்பி குடிச்சிட்டுத்தான் உள்ள போவணும். தலைவாசல்ல நொழஞ்சவங்கள சும்மா அனுப்புற பழக்கம் எங்க வூட்டுல கிடையாது."

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. பிடித்தும் விட்டேன்.

முன்பக்கம் கான்கிரீட் கொட்டுகிற சத்தம், பின்பக்கம் என் வீட்டுக்காரர் கடப்பாறையால் மதிலை இடிக்கிற சத்தம். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?" என்று ஒவ்வொரு இடிக்கும் ஒரு தடவை கேட்டார். இளவட்டங்கள் பந்தல் கால்களை மதாம் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு ஆள் தாராளமாக நுழைகிற அளவுக்கு வழி கிடைத்துவிட்டது. அடுத்த தெருவில் பந்தல் எழும்பி, சீரியல் பல்பும் எரிந்தது.

மறுநாள் மாப்பிள்ளை, ராணுவ உடுப்பில் இருந்த சொல்தாவின் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் காப்பி குடித்தார். மதாம் பட்டுச்சேலை கட்டி, கொண்டை போட்டு, பக்கத்திலேயே நின்றார். பிரியாணி தேக்சாக்கள் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே வந்து இறங்கின. ஒரு குறை இல்லை. இந்த சம்பந்தி வீட்டம்மா, "இப்படி ஒத்துமையான ஜனங்கள நான் பாத்ததில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குத் தலை கனத்துவிட்டது.

பெண்ணை அனுப்புகிற நேரத்தில் பாயைக் காணோம். மதில் வழியாக வந்து தேடினேன். தன் முன்வாசலில் தனியாக நின்று, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்த புது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லபடியா நடந்துச்சு தங்கச்சி. அல்லா குறை வைக்கல. இந்த வாசல்லேர்ந்து ஏத்தி அனுப்பணும்னு இருந்தேன். அது ஒண்ணுதான்."

பெண் காத்திருக்கிறாள் என்று அவர் கையைப் பிடித்து மதில் வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

மறுவீட்டு விருந்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வாரமே வந்திருக்க வேண்டும். பாய்தான் சம்பந்தியிடம் பேசித் தள்ளிவைத்தார். "ரோடு காயட்டும், அப்புறம் கூப்புடுறேன்" என்றாராம். தினமும் காலையில் மெஷினில் உட்காருவதற்கு முன்னால் ஹோஸை எடுத்துக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அவரே தண்ணீர் விட்டார். தெரு முனையில் கயிறு கட்டியிருந்தது. பைக்கை உள்ளே விடப் பார்த்தவர்களை நான் குரூப்பில் கிழித்துத் தொங்கவிட்டேன்.

ரோடு காய்ந்தது. எம்.எல்.ஏ. வந்து ரிப்பன் வெட்டித் திறந்துவைப்பார் என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விருந்தும் அதே ஞாயிற்றுக்கிழமைதான், மத்தியானம். இஞ்சினியர் எனக்குப் போன் பண்ணினார். "ரிப்பன் வெட்டுற வரைக்கும் வண்டி எதுவும் விடாதீங்கம்மா." சரி சார் என்றேன். வாய்தான் சொன்னது.

மத்தியானம் கார் வந்து கயிற்றுக்கு முன்னால் நின்றது. புதுப்பெண் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தாள்.

"இங்கயே எறங்கிக்கிறோம் அத்தை. சாயங்காலந்தான் தெறக்குறாங்களாமே?"

"எறங்காத. உள்ள உக்காரு" என்றேன். கயிற்றை அவிழ்த்து என் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. பாத்தி மண் ஈரத்தோடு மிச்சம் இருந்ததில் டயர் கோடு நீளமாக விழுந்துகொண்டே வந்தது. கார் பாய் வாசலில் போய் நின்றது. படிக்கும் காருக்கும் நடுவே ஒரு எட்டுதான்.

பாய் படியிறங்கி வந்து கதவைத் திறந்தார். "வாம்மா" என்றார். பெண், "அத்தா, ரோடு ஜோரா இருக்கு" என்றாள். அவர் கழுத்து டேப்பாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

சாயங்காலம் ரிப்பன் கட்டினார்கள். மேளம் வந்தது, எம்.எல்.ஏ. வந்தார். கத்தரிக்கோல் தட்டோடு நின்ற இஞ்சினியரின் கண் ரோட்டில் பட்டது. டயர் கோடு தெரு முனையிலிருந்து பாய் வாசல் வரை பளிச்சென்று கிடந்தது.

"யாரும்மா வண்டி விட்டது?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. இன்னும் திருப்பிக் கட்டாத மதில் வழியாக வந்து கூட்டத்தில் நின்றிருந்த மதாம், எம்.எல்.ஏ.வைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க வூட்டுப் பொண்ணு வந்திருக்கா. நீங்க வெட்டுங்க தம்பி."