நிரந்தரமாக மூடிய இரண்டு நாள்

செல்போனில் ‘சிவகாசி பட்டாசுக் கடை’ என்று தேடினால் எதிர்க்கடை அண்ணாச்சியின் கடைதான் முதலில் வரும். அந்த எரிச்சலில் என் கடையைப் படம் படமாகப் போட்டுத் தள்ளினேன். சொந்தக்காரர்களையெல்லாம் மிரட்டி ஐந்து நட்சத்திரம் போட வைத்தேன். ஒருவழியாக அவருக்கு அடுத்த இடத்துக்கு வந்தேன்.

அப்போதுதான் மொட்டை போட இருக்கன்குடி கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு நாள் லீவைக் குறிக்கப் போனால், ‘தற்காலிகமாக மூடப்பட்டது’, ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று செல்போன் இரண்டே வழி காட்டியது. எங்கள் ஊரில் பட்டாசுக் கடை தற்காலிகமாக மூடியிருந்தால், அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மானம் போய்விடுமே என்று மற்றதை அழுத்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

மொட்டைத் தலையோடு திரும்பினால் எதிர்க்கடையில் ஒரே கூட்டம். அண்ணாச்சி கை தட்டிக் கூப்பிட்டார்.

“என்ன தம்பி, கடையத் தலைமுழுகிட்டீகளாமே! போன்ல பாத்துட்டு, உங்ககிட்ட ஆர்டர் குடுத்தவுக அம்புட்டுப் பேரும் பதறியடிச்சு வந்துட்டாக. கோயிலுக்குத்தான் போயிருக்காகன்னு டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சிருக்கேன். சீக்கிரமாத் தொறங்க.”

அவர்களிடம் அவர் ஒரு மத்தாப்புப் பெட்டிகூட விற்கவில்லை. நானாக இருந்தால் விற்றிருப்பேன்.

இன்றும் தேடலில் அவர் கடைதான் முதலில் வருகிறது. வரட்டும். என் கடைக்கு அங்கே கேட்டால்தான் சரியாக வழி சொல்கிறார்கள்.